இரண்டு வருஷம்தான் என்று குடிவந்தவர்களுக்கு

ஒரகடம், வல்லம், மாத்தூர், வடக்குப்பட்டு, எழிச்சூர் பக்கத்து வாடகை வீடுகளில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு,

உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும், பெயர் தெரியாது. விடியற்காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்ஸுக்காகச் சாலையோரம் நிற்கிறவர்கள் நீங்கள். எட்டு மணிக்குப் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு அப்படியே நின்று இரண்டு வார்த்தை பேசுகிறவர்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்க வேண்டுமே என்று பகலெல்லாம் குழந்தைகளை அதட்டி அடக்குகிறவர்கள். என்னையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாலை நடுவில் இருக்கும் அரளிக்குத் தண்ணீர் விடும் லாரியின் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நடக்கிற பெண் நான்தான். தோட்டக்கலை படித்தவள். பொது இடத்து மரம் செடிகளைப் பராமரிக்கும் ஒப்பந்த வேலை கிடைத்து, மூன்று வருடங்களுக்கு முன் குன்னூரிலிருந்து கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் இங்கே வந்தேன்.

வீடு பார்க்க வந்த அன்று வீட்டுக்காரம்மா கேட்டார்: “எத்தன வருஷம் இருப்பீங்க?” நான் யோசிக்கவே இல்லை. “ரெண்டு வருஷம்தாம்மா” என்றேன். அந்தப் பதிலைப் பற்றி உங்களிடம் பேசத்தான் இதை எழுதுகிறேன்.

அதை நான் மட்டும் சொல்லவில்லை. மாடியில் இருக்கும் செய்யாறு பக்கத்துக் குடும்பம் இதே பதிலைச் சொல்லிக் குடிவந்து பதினோரு வருடம் ஆகிறது. மூத்த பெண் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். எதிர்வீட்டு ஒடிசாக்காரரின் சின்ன மகன் பிறந்ததே இங்கேதான்; தெருப் பிள்ளைகளோடு தமிழில்தான் சண்டை போடுகிறான். பக்கத்து வீட்டுத் தென்காசி அக்கா ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊருக்குக் கிளம்பும்போது “அடுத்த வருஷம் அங்கேயேதான்” என்று சொல்லிவிட்டுப் போகிறார். காணும் பொங்கல் முடிந்த கையோடு திரும்பி வருகிறார். இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-லும், டைம்லர் லாரி ஆலை 2012-லும், ராயல் என்ஃபீல்டு 2013-லும் திறந்தன. அவற்றை நம்பி வந்தவர்களின் கைக்குழந்தைகளுக்கு இன்று மீசை அரும்பிவிட்டது. நாம் இன்னும் இரண்டு வருஷக் கணக்கே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நான் விட்டுவந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். நீங்களும் உங்களுடையதை நினைத்துக்கொள்வீர்கள். குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874-ல் உண்டானது. பள்ளத்தாக்குச் சரிவில் முப்பது ஏக்கர் அளவுக்கு மரமும் செடியுமாக இறங்கும். நான் வேலை பழகியது அங்கேதான். அங்கே ருத்திராட்ச மரம் உண்டு. அதன் பழம் நீலம். அப்படியொரு நீலத்தை வேறெந்தப் பழத்திலும் நான் பார்த்ததில்லை. தோலை நகத்தால் கீறி, சதையைக் கல்லில் தேய்த்துக் கழுவினால் உள்ளிருக்கும் கொட்டை, முகம் முகமாக வரி பிரிந்து தெரியும். என் மகள் மூன்று வயதில் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதைச் செய்யக் கற்றுக்கொண்டாள். ஊரைவிட்டு வந்தபோது பிஸ்கட் டப்பா நிறைய அந்தக் கொட்டைகளை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

கணவர் தேயிலைத் தொழிற்சாலை வேலையை விட்டார். “பொண்டாட்டி வேலைக்காக ஊர விட்டுப் போறான் பாரு” என்று சொந்தத்தில் பேசினார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்று ஓர் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறார். ஒருத்தியின் வேலைக்காக நான்கு பேர் வேரோடு பெயர்ந்து வந்தோம். இளம் செடியைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் முதல் பத்து நாள் இலை தொங்கிப்போய்த்தான் நிற்கும். அந்த நாட்களில் அதற்கு உரம் தரக் கூடாது, நிழல்தான் தர வேண்டும். இதைத் தொழிலாகத் தெரிந்தவள் நான். ஆனால் என் பிள்ளைகளுக்கு இங்கே நிழல் தேடி அலைந்தேன்.

ஏழு வீடு பார்த்தோம். “பசங்களுக்கு விட்டா ஆளுக்கு இவ்ளோன்னு வரும், குடும்பத்துக்கு விட்டா எனக்கு என்ன மிஞ்சும்?” என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். எட்டாவது வீடுதான் இது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்து 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைத் திறந்தார்கள். நல்ல காரியம். தனியாக வந்து நிற்கும் பெண்ணுக்குப் பயமில்லாத கூரை முதலில் வேண்டும். ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்தி நாளை கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, இங்கேயே வேலையில் தொடர்ந்தால் எங்கே குடிவருவாள்? நம் தெருவுக்குத்தான். நம் தெரு அவளுக்கும் அவள் பிள்ளைக்கும் எப்படி இருக்கப் போகிறது என்பதை இன்று நாம்தான் முடிவு செய்துகொண்டிருக்கிறோம், ஒன்றும் செய்யாமல் இருப்பதன் மூலம்.

வந்த முதல் வாரமே மகள் கேட்டாள்: “அம்மா, பார்க் எங்க?”

வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். பத்திரக் கட்டிலிருந்து மனைப்பிரிவு வரைபடத்தின் ஜெராக்ஸை எடுத்து விரித்துக் காட்டினார். மனை எண்களுக்கும் முப்பதடி ரோட்டுக்கும் நடுவே பெரிதாக ஒரு கட்டம். உள்ளே ‘பூங்கா’ என்று எழுதியிருந்தது. அன்று சாயங்காலமே மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த இடத்தில் உடைந்த சிமெண்ட் குழாய்கள் கிடந்தன. யாரோ சுவர் இடித்துக் கொட்டிய செங்கல் குவியல், இடுப்பளவு சீமைக் கருவேலம், தண்ணீர் டேங்கர் லாரி ஒன்று. லாரியிலிருந்து ஒழுகிய தண்ணீர் தேங்கிய இடத்தில் மட்டும் கொஞ்சம் கோரைப்புல் பச்சையாக இருந்தது. மகள் என் விரலைப் பிடித்தபடி லாரியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பிறகு கருவேலம் புதரைக் காட்டி, “இதுக்குப் பின்னாடியா?” என்றாள்.

நான் அன்று ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வருஷம்தானே என்று விட்டுவிட்டேன். உங்களிடம் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது இதுதான். சம்பளத்துக்கு ஆயிரக்கணக்கில் கன்று நட்டவள், என் பிள்ளை நடந்து போகும் தூரத்தில் மூன்று மழைக்காலம் ஒரு குச்சியைக்கூட ஊன்றவில்லை.

அந்தக் கட்டம் யாரும் தயவு பண்ணி வரைந்ததல்ல. இப்போது நடப்பில் இருக்கும் 2019-ஆம் ஆண்டின் கட்டட, மனை விதிகளின்படி, சாலைக்கு விட்டது போக 3,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். அலுவலகங்களில் இதை ஓ.எஸ்.ஆர். இடம் என்பார்கள். சிறிய மனைப்பிரிவென்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டித் தப்பலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டிவிட்டால், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், அந்த வழி கிடையாது. நிலத்தையே தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். அந்த நிலத்தின் விலையையும் சேர்த்துத்தான் மற்ற மனைகளை விற்றிருக்கிறார்கள். மனை வாங்கியவர் அந்த விலையை நம் வாடகையில் ஏற்றியிருக்கிறார். மாதம் பிறந்ததும் நாம் கொடுக்கும் பணத்தில் அந்தப் பூங்காவுக்கும் ஒரு பங்கு போகிறது. இல்லாத பூங்காவுக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இப்படியொரு சங்கதி பெங்களூரிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் வரைபடத்தில் பூங்காவுக்கென்று விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்துவிட்டார்கள். அங்கே குடியிருந்தவர்கள் விடவில்லை. 1991-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது: பூங்காவுக்கு விட்ட இடத்தை வேறொன்றுக்குக் கொடுக்க முடியாது. நோயாளியைப் பார்க்கும் கட்டடத்துக்கே தரக் கூடாத இடத்தை, நம் தெருவில் டேங்கர் லாரி நிறுத்த விட்டிருக்கிறோம்.

அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் இந்தக் கட்டமே இருக்காது. அங்கே இருப்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம். ஏரிக்கரையையும் ஊர்ப் பொது இடத்தையும்தான் அவர்கள் கேட்க முடியும். அவர்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

“பூங்கா வேணும்னா மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே” என்று ஒருவர் சொன்னார். செம்மொழிப் பூங்கா 2010-ல் வந்தது. 2024 அக்டோபரில் அதே கதீட்ரல் சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் வந்தது. இரண்டும் அருமையான இடங்கள். நம் பக்கத்திலேயே, செங்கல்பட்டு மாவட்டம் கடம்பூரில், லண்டன் கியூ தோட்டத்தின் துணையோடு பெரிய தாவரவியல் பூங்கா ஒன்றை அரசு அறிவித்திருக்கிறது. 2022 பட்ஜெட்டில் 300 கோடி ரூபாய்த் திட்டமாகப் பேசப்பட்டது அது. அது வரட்டும் என்று என்னைப் போலத் தோட்டக்கலை படித்தவர்கள் எல்லோரும் காத்திருக்கிறோம். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்க்கும் பூங்கா வேறு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு ஓடுகிற பூங்கா வேறு. நாலு வயதுப் பிள்ளைக்குத் தேவை இரண்டாவதுதான். பெரிய ஆலைகளுக்கு அனுமதி தரும்போது மூன்றில் ஒரு பங்கு நிலத்தைப் பசுமையாக வைக்கச் சொல்லி நிபந்தனை போடுவது வழக்கம். அந்த மரங்கள் எல்லாம் மதில் சுவருக்கு உள்ளே நிற்கின்றன. நாம் இருப்பது வெளியே.

ஏன் யாரும் கேட்கவில்லை? ஊர் விவகாரம் தெரிந்த ஒருவரிடம் போய் இந்தப் பூங்கா இடத்தைப் பற்றிப் பேசினேன். நாற்காலி போட்டு உட்கார வைத்து மரியாதையாகத்தான் பேசினார். கடைசியில், “உங்க தெருவுல ஓட்டு எத்தன இருக்கும்மா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. வீடு வந்ததும் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டு எண்ணினேன். 42 குடும்பங்கள். இந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருந்தவை ஒன்பது பெயர்கள். அத்தனையும் வீட்டுக்காரர்கள் பெயர். மற்றவர்கள் ஓட்டெல்லாம் செய்யாற்றிலும் தென்காசியிலும் குன்னூரிலும் இருக்கின்றன. அன்று என்னுடையதும் குன்னூரில்தான் இருந்தது.

கிராம சபை என்றால் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களின் சபை. அரசியலமைப்புச் சட்டத்தின் 243-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பட்டியலில் இல்லாத நாம் இந்த ஊரின் தண்ணீரைக் குடிக்கிறோம், ரோட்டில் நடக்கிறோம், கடைகளை வாழ வைக்கிறோம். ஆனால் ஊர் கூடி முடிவெடுக்கும் இடத்தில் நாம் இல்லை. அவர் கேட்ட கேள்வி எனக்கு வலித்தது உண்மை. அதில் அவர்மீது மட்டும் தப்பில்லை. இரண்டு வருஷத்தில் போய்விடுவோம் என்று நாமே சொல்கிறோம். போகப்போகிறவர்களுக்காக யார் வேலி போட்டுக் கன்று நடுவார்கள்?

இங்கே என் அப்பாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலங்கை மலைத்தோட்டத்தில் பிறந்தவள். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, இங்கே வாருங்கள் என்று ஐந்தே கால் லட்சம் பேரைக் கணக்கில் எடுத்தார்களே, அந்தக் கணக்கில் ஒருத்தி. 1973-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, நீலகிரிக்கு வந்து சேர்ந்தாள். பிறகு டேன்டீ என்று பெயர் பெற்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. எங்கள் அப்பாவுக்கு அப்போது ஏழு வயது. லயத்துக்குப் பின்னால் விட்டுவந்த கொய்யா மரத்தைக் கேட்டு ராத்திரியெல்லாம் அழுவாராம். அப்பாயி கொய்யாக் கன்றைத்தான் தேடினாள். கிடைத்தது பேரிக் கன்று. வந்த மாதமே அதைக் கொண்டுவந்து லைன் வீட்டு வாசலில் நட்டாள். அந்த வீடு அவளுடையதல்ல. எத்தனை நாள் அங்கே விட்டுவைப்பார்கள் என்றும் அவளுக்குத் தெரியாது. அந்தப் பேரி முதன்முதலாகக் காய்த்தபோது அப்பாவுக்குப் பதினாறு வயது. நான் அந்த மரத்தடியில் உட்கார்ந்துதான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். நம் யாரையும் யாரும் கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை. விரும்பி வந்தோம், வேலைக்கு வந்தோம். அவளால் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

மரம் வளர்வதற்குள் போய்விடுவோம் என்று நினைக்கிறீர்கள் அல்லவா? அதற்கு என் தொழிலிலிருந்து பதில் சொல்கிறேன். இந்த மண் கெட்ட மண் அல்ல. மேலே கிராவல் கொட்டி ரோலர் ஓட்டியிருப்பதால் பாறைபோல் தெரிகிறது. மூன்றடிக்கு மூன்றடி, ஆழம் மூன்றடி குழி வெட்டி, கிராவலை அள்ளி வெளியே போட்டுவிட்டு, செம்மண்ணும் மட்கிய சாணமும் நிரப்பினால் போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் நட்டால் முதல் மூன்று மாதம் வானமே பார்த்துக்கொள்ளும். அதன்பின் முதல் கோடைக்கு மட்டும் வாரம் இரண்டு தடவை, கன்றுக்கு ஒரு குடம். ஆடுமாடு கடிக்காமல் கூண்டு. புங்கன் மூன்றாம் கோடையில் பிள்ளைகள் உட்காரும் அளவுக்கு நிழல் தரும். பூவரசைக் கன்றாகக்கூட வைக்க வேண்டாம். கை பருமனுக்குப் போத்து வெட்டி ஊன்றினாலே துளிர்த்துவிடும். மகிழம் மெதுவாக வரும், ஆனால் வந்தபின் நம் பேரப்பிள்ளை காலம்வரை நிற்கும். சீக்கிரம் பச்சை தெரிய வேண்டும் என்று கோனோகார்பஸ் மட்டும் வைத்துவிடாதீர்கள். 2025-ல் அரசே அதை நடக் கூடாது என்று ஆணை போட்டுவிட்டது. நான் வந்த மழைக்காலத்தில் புங்கன் நட்டிருந்தால், இந்த மே மாதம் என் மகன் அதன் அடியில் விளையாடியிருப்பான்.

உங்களுக்கு நேரமில்லை என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் ஒருவர் தூங்கும் நேரத்தில் மற்றவர் விழித்திருக்கிறோம். ஆனால் மூன்று ஷிப்டுக்கும் ஆள் பிரித்து, ஒரு நிமிடம் நிற்காமல் இயந்திரத்தை ஓட விடுகிறவர்கள் நாம். நாற்பது கன்றுக்குத் தண்ணீர் விட முறை வைக்க நம்மால் முடியும். வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயமும் வேண்டாம். எதிரே பூங்கா இருந்தால் அவர் மனைக்குத்தான் விலை கூடும்; எங்கள் வீட்டுக்காரம்மாவிடம் அதைச் சொன்னேன், வரைபட ஜெராக்ஸை அவரே இன்னும் மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தார்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். முதலில், உங்கள் வாக்காளர் அட்டையை இந்த ஊருக்கு மாற்றுங்கள். ஊர் மாறியவர்களுக்கான படிவம் எட்டு. கைப்பேசியிலேயே நிரப்பலாம், முடியாதவர்கள் ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், நான் நிரப்பித் தருகிறேன். சொந்த ஊர் ஓட்டை விடுவது சொந்த ஊரையே விடுவதுபோல மனதுக்குப் படும். எனக்கும் பட்டது, குன்னூர்ப் பட்டியலிலிருந்து பெயர் போன அன்று அப்பாவுக்குப் போன் செய்து அழுதேன். ஆனால் என் பிள்ளைகள் விழுந்து எழுந்து வளர்வது இந்தத் தெருவில்.

அடுத்தது, உங்கள் மனைப்பிரிவின் வரைபடத்தை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். அவரிடம் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஊராட்சிக்கு மனுப் போடலாம். தானப் பத்திர நகலையும் அதிலேயே கேளுங்கள். வரைபடத்தோடு போய் அந்தக் கட்டம் எங்கே என்று பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

பிறகு, கிராம சபைக்கு வாருங்கள். முன்பு வருடத்துக்கு நான்கு தடவை கூடிக்கொண்டிருந்தது, 2022 முதல் ஆறு தடவை ஆகியிருக்கிறது. குடியரசு தினத்திலும் மே தினத்திலும் சுதந்திர தினத்திலும் கூடும். மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் புதிதாகச் சேர்ந்தவை. நான் உங்களை அழைப்பது அக்டோபர் 2-க்கு. காந்தி ஜெயந்தி விடுமுறை, பெரும்பாலான கம்பெனிகளுக்கும் லீவு. அதற்குள் பெயர் மாறியவர்கள் தீர்மானத்துக்குக் கை தூக்குங்கள். மாறாதவர்கள் வந்து உட்காருங்கள், தெரு நிறைய ஆள் வந்திருக்கிறது என்று ஊருக்குத் தெரியட்டும். நாம் கேட்கப்போவது ஒரே ஒரு தீர்மானம்: மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென்று எழுதிக் கொடுத்த இடங்களை அளந்து, குப்பையை அள்ளி, வேலி போட்டு, பூங்கா என்று பலகை வைக்க வேண்டும். நட்டு வளர்க்கும் பொறுப்பை நாமே எழுதிக் கொடுப்போம். தமிழ் படிக்கத் தெரியாத ஒடிசா, பீகார்க் குடும்பங்களுக்கு, பக்கத்தில் இருப்பவர்கள் இதை வாய்விட்டுப் படித்துச் சொல்லுங்கள். அவர்கள் பிள்ளைகளும் இதே வெயிலில்தான் விளையாடுகிறார்கள்.

நாளைக்கு நீங்கள் உண்மையாகவே ஊருக்குத் திரும்பிப் போகலாம். போங்கள், ஊர் உங்களை ஏற்றுக்கொள்ளட்டும். காலியாகும் உங்கள் வீட்டுக்கு இன்னொரு குடும்பம் சாமான் வண்டியோடு வந்து இறங்கும். அந்த வீட்டுப் பிள்ளை முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வியும் எனக்குத் தெரியும்.

கன்றுகள் தயார். 24 புங்கன், 10 மகிழம், 6 நாவல், எல்லாம் இடுப்பளவு உயரம், எங்கள் மாடிப்படிக்கு அடியில் நிழலில் இருக்கின்றன. கடப்பாரை என்னிடம் இரண்டு இருக்கிறது. இருப்பவர்கள் மண்வெட்டி கொண்டுவாருங்கள். அக்டோபர் 2, காலை பத்தரை மணிக்கு, எல்லோரும் ஊராட்சி அலுவலக வாசலுக்கு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தெருவில் இருக்கும் குன்னூர்க்காரி